கண்ணில் ஒற்றிய துரப்பணம்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர். கடலூரில் நான் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்குள் யாராவது தும்மினால்கூட வெளியே துரத்திவிடுவேன். எலும்பு ஆபரேஷன் என்றால் கேட்கவே வேண்டாம். எலும்பில் சீழ் பிடித்தால் காலையே எடுக்க வேண்டியதுதான். அது சண்டைக் காலம். பெனிசிலின் எல்லாம் பட்டாளத்துக்குப் போனது. எங்களுக்கு இருந்தது கொதிக்கிற தண்ணீர் ஒன்றுதான்.

அன்று மேஜையில் கிடந்தவர் தேவனாம்பட்டினத்து மீனவர். கட்டுமரம் மோதித் தொடை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டும் சேரவில்லை. எஃகுப் பட்டை வைத்து ஸ்குரூ முடுக்க வேண்டும். கால் போனால் கடலும் போச்சு, வீட்டில் அடுப்பும் எரியாது. அவர் மனைவி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் சிதம்பரத்துக்காரர். நல்ல கை. குளோரோபார்ம் கொடுத்துத் தொடையைத் திறந்தாகிவிட்டது. எலும்பில் துளை போடும் துரப்பணத்தை நீட்டினேன். மனிதர் வாங்கி, கண்ணை மூடி, அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்! கருவியைக் கும்பிடாமல் வேலை தொடங்காத வளர்ப்பு.

“ஐயோ, கீழ வைங்க சார்!”

“லேசா பட்டதுதானே, சிஸ்டர்...”

“அது போதும் சார், இவரு கால் போறதுக்கு. திரும்பக் கொதிக்க வைக்கணும். கிளவுஸையும் மாத்துங்க.”

வேறு துரப்பணம் கிடையாது. குளோரோபார்ம் சீசாவின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பாழாய்ப்போன ஸ்டவ்வில் தண்ணீர் கொதிப்பேனா என்றது. மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் சீசாவைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். துரப்பணம் வெந்து ஆறுவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

கடைசி ஸ்குரூவை முடுக்கும்போது குளோரோபார்ம் தீர்ந்து, மீனவர் விழித்துக்கொண்டார். அந்த அலறல்! ஆட்கள் அவரை அழுத்திப் பிடித்தார்கள். என்னால் அவர் நெற்றியைக்கூடத் தொட முடியாது. தொட்டால் என் கையும் கெட்டது. சுத்தமான இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வெளியே அவர் மனைவி கதவை இடித்தாள். முதலில் நான் டாக்டரிடம் போட்ட கத்தலும், இப்போது புருஷனின் அலறலும்தான் அவள் காதில் விழுந்திருந்தன.

“அடிப்பாவி! எங்கூட்டுக்காரர உசிரோட அறுக்கறியே, நீ நல்லா இருப்பியா?”

அதன்பிறகு ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் முதலில் மூக்கைத்தான் கிட்டே கொண்டுபோவேன். சீழ் வாடை வரவே இல்லை.

ஊன்றுகோலோடு அவர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அவர் மனைவி என்னிடம் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையெல்லாம் ஈரம்.

உள்ளே அடுத்த கேஸ் காத்திருந்தது. கழுவ மனசே வரவில்லை. கழுவினேன்.