இரைச்சல் நின்ற பிறகு

மனைவி அவரைப் பிரிந்து போனபோது சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். அவளுக்கு வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை. பாதி நாள் இரவுப் பணி. அவர் வந்தால் அவள் கிளம்புவாள், அவள் வந்தால் அவர் கிளம்புவார். ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி வைத்துக்கொண்டு வாடகைக்கு இருந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கடைசியில் அவள்தான், "இப்படியே இருக்கறதுக்குத் தனியாவே இருந்துடலாம்" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். மறுத்திருக்க வேண்டும் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டார்.

பொருள்களைப் பிரித்துக்கொண்டபோது ரிகார்டுகள் அவளோடு போயின. எல்லாம் அவள் சம்பளத்தில் வாங்கியவை. ரிகார்டு பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் அவரிடம் தங்கின. ஆம்ப்ளிஃபயர் அம்மிக்கல் கனம். மூடப்போகிற ஒரு விடுதியில் வாங்கி, படியேற்றிக் கொண்டுவந்து, ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் அவர். ஒயர் மாட்டி அதைப் பாட வைத்தவள் அவள். இப்போது ஒருவரிடம் வாய் இருந்தது, இன்னொருவரிடம் பாட்டு இருந்தது.

சமீபத்தில் சின்ன வீடொன்றுக்குக் குடிமாறினார். சாமான்களை அடுக்கியபோது, அவள் விட்டுப்போன ரிகார்டு ஒன்று துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து வந்தது. கிளாரினெட் இசை. ஆசையாகப் பிளேயரை மாட்டிப் போட்டால், பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வாசித்தவர் தேன்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாற்போல் இருந்தது. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தார். பிளக்கைத் திருப்பிக் குத்தினார். மூடியைக் கழற்றித் தூசி துடைத்தார். எதற்கும் அது மசியவில்லை. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற கை, சொந்த வீட்டில் ஒரு பெட்டியிடம் தோற்றுப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தனியாக வேலையில் இருக்கிறவள். வாரம் ஒரு வேளைச் சாப்பாடு அம்மாவிடம், ஒரு வேளை அப்பாவிடம்.

"அம்மாவைக் கேளுங்களேன்ப்பா."

"இதுக்குப் போய் அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

மகள் அம்மாவின் எண்ணை அழுத்தி, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனிக்குப் போய்விட்டாள்.

"சொல்லுங்க" என்றது குரல். வருஷக்கணக்கில் கேட்காத குரல்.

அவர் இரைச்சலைப் பற்றிச் சொன்னார்.

"ஆம்ப்ளிஃபயர் குமிழை ரேடியோ பக்கம் திருப்புங்க. இரையுதா?"

"இல்ல. சுத்தமா இருக்கு."

"அப்ப ஆம்ப்ளிஃபயர் மேல பழி போடாதீங்க. பிளேயர் பக்கம் திருப்பி வால்யூம் ஏத்துங்க."

"கூடவே ஏறுது."

"ஊசி இருக்கற அந்தக் கையைத் தொடுங்க."

தொட்டார். இரைச்சல் சட்டென்று குரல் மாறியது.

"கேட்டுச்சு" என்றாள், அவர் சொல்வதற்கு முன்பே. "எர்த் ஒயர் எங்க?"

"எந்த ஒயர்?"

"பிளேயருக்குப் பின்னாடி சிவப்பு, வெள்ளையோட ஒல்லியா ஒரு பச்சை ஒயர் தொங்கும். பாருங்க."

அவர் பார்த்தார். குடிமாறும்போது தானே அதைச் சுருட்டி டேப் ஒட்டி வைத்தது நினைவு வந்தது.

"அது சும்மா தொங்குதேன்னு சுருட்டிட்டேன்."

"நல்லா சுருட்டினீங்க போங்க. ஆம்ப்ளிஃபயர் பின்னாடி தனியா ஒரு திருகு இருக்கும், அதுல மாட்டுங்க."

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, துருப்பிடித்த திருகைச் சுரண்டி மாட்டிவிட்டு மறுபடி போட்டார். இரைச்சல் முக்கால்வாசி அடங்கியது. கால்வாசி மிச்சம் இருந்தது.

"பிளேயரை எங்க வச்சிருக்கீங்க?"

"ஆம்ப்ளிஃபயர் மேலயே. இடம் இல்ல."

"உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கே! ஒண்ணு மேல ஒண்ணு வச்சா இரையத்தான் செய்யும். தள்ளி வைங்க, சரியாயிடும்."

அவர் பிளேயரைத் தூக்கி ஜன்னலோரத்து மேசைக்கு மாற்றினார். அறை நிசப்தமாயிற்று.

"இப்ப?"

இல்லை என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். "லேசா இருக்கற மாதிரி..." என்று இழுத்தார்.

"பொய் சொல்லாதீங்க. எனக்கே கேக்கல, உங்களுக்கு எங்க கேக்குது?"

அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பால்கனியில் மகள் ஒரே துண்டை மூன்றாவது தடவையாக உதறிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு போட்டுக் காட்டுங்க" என்றாள் அவள். அவர் அந்தக் கிளாரினெட் ரிகார்டைப் போட்டார். அவள் வீட்டில் ரிகார்டுகள் அலமாரியில் கிடக்கின்றன, போட்டுக் கேட்கப் பிளேயர் இல்லை என்று மகள் சொல்லியிருந்தாள். ஒரு பக்கம் முடியும்வரை ஃபோனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. முடிந்ததும், "இதைத்தான் தேடிக்கிட்டே இருந்தேன்" என்றாள். பிறகு அவசரமாக, "அடுத்த வாரம் இவகிட்ட வேற ஒண்ணு குடுத்தனுப்பறேன். கீறல் விழுந்தா அதோட சரி" என்று வைத்துவிட்டாள்.

சொன்னபடி வந்தது. அதிலிருந்து வாராவாரம் ஒரு ரிகார்டு வருகிறது, கேட்டது திரும்பிப் போகிறது. உறையைத் திறக்கும்போது அவள் அலமாரியில் போடுகிற கற்பூர வாசம் வரும். அவர் கொஞ்ச நேரம் அதை மூடாமல் வைத்திருப்பார்.

ஒரு நாள் மகளிடம் மெல்லச் சொன்னார்: "ஃபோன்ல கேட்டா நல்லா இருக்காது. கேக்கணும்னு தோணினா இங்க வந்து கேக்கச் சொல்லேன்."

மறு வாரம் பதில் வந்தது. "பாக்கலாம்னாங்கப்பா."

"முகம் எப்படி இருந்துச்சு சொல்லும்போது?"

"அம்மா முகத்துல நீங்களே கண்டுபிடிச்சதில்ல, நானா கண்டுபிடிக்கப் போறேன்?"

அந்த வாரமே கடைக்குப் போய் நாற்காலி ஒன்று வாங்கி வந்தார். சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் சமமாக வந்து சேர்கிற இடத்தைத் தேடி, அதைப் போட்டுப் போட்டு நகர்த்திப் பார்த்தார். தன்னுடைய நாற்காலியைச் சற்று ஓரமாகத் தள்ளிக்கொண்டார். நல்ல இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. மகள் உட்காரப் போனாலும், "அதுல வேணாம்மா, இங்க வா" என்று பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்கிறார்.