குசினிக் கதவில் வாப்பா கட்டிய மணி

போன கிழமை கல்முனைக் கடைத்தெருவுக்கு ஒரு ஆமைப்பூட்டு வாங்கப் போனேன். கடையில் நின்ற பையன் பூட்டைக் காட்டாமல், சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். "உம்மா, இதக் கதவுல ஒட்டினாச் சரி. கள்ளன் கதவத் தொறந்தாக் கத்தும்" என்றான். கத்தவிட்டும் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. பாவம், பையனுக்கு முகம் சுருங்கிப்போனது. சாமானை நான் நக்கலடிக்கிறேன் என்று நினைத்திருப்பான். "இல்ல மனே, இப்பிடி ஒண்டு எங்கட வீட்டுல எப்பவோ இருந்த" என்றேன். அவன் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

பூட்டைத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கடதாசியைப் பிரித்தால் குப்பென்று மசகெண்ணெய் வாசம். அது என் வாப்பாவின் கை வாசம். வாப்பா பஸ் கொண்டக்டர். கல்முனையில் ஏறினால் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒவ்வொரு ஊரையும் அவர் கூப்பிடுகிற கூப்பாட்டில் தூங்குகிறவன் மட்டுமல்ல, இறங்க வேண்டாதவனும் இறங்கிவிடுவான். பஸ்ஸில் எது கழன்றாலும் டிரைவருக்கு முன்னால் இவர் குறட்டோடு போய் நிற்பார். வீட்டிலும் அதே கதைதான். உம்மாவின் தையல் மெஷினை இவர் ஒருமுறை திருத்தினார். அதன் பிறகு அது பின்னோக்கி மட்டும்தான் தைத்தது. உம்மா கடைசி வரைக்கும் அதை மன்னிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மகள் கலியாணம் முடித்தால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை வந்து அதில் இருப்பார், கட்டின தகப்பன் வெளியேறுவார். என் கலியாணத்தோடு வாப்பாவும் உம்மாவும் அதே வளவின் பின்பக்கம் ரெண்டு அறை போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு கல்லும் தான் வைத்த வீடு, ஆனாலும் அன்றிலிருந்து வாப்பா வாசலில் நின்று செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்கு அது பெரிய சங்கடம். "வாங்க வாப்பா, ஆரு வேணாமெண்ட" என்றால், "இரிக்கட்டும் மகள், இது இப்ப உங்கட வீடு" என்பார்.

மச்சான், அதாவது என் மாப்பிள்ளை, கலியாணம் முடித்த கையோடு சவூதிக்குப் போய்விட்டார். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த காலம். எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகள் அங்கேதான். நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். ரேடியோ கெஸட் ஒன்று, வாசனைச் சவர்க்காரம், ஒரு கம்பளி. எங்கள் வெக்கைக்குக் கம்பளி எதற்கு என்று கேட்காதீர்கள், சவூதிக்குப் போனவர் கம்பளி அனுப்பாவிட்டால் மரியாதையில்லை. பெட்டியைத் திறந்ததும் அந்தச் சவர்க்கார வாசம் வேலியைத் தாண்டித் தெரு முழுக்கப் போனது. எங்கள் வீட்டுக்குச் சவூதிப் பெட்டி வந்த சங்கதியும் அதோடு சேர்ந்து போனது.

அந்தக் கிழமையே அடுத்த தெருவில் இப்படி ஒரு பெட்டி வந்த வீட்டில் களவு. பட்டப்பகலில், அடுப்படிப் பக்கம், குசினிக் கதவால். கள்ளன் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகிறான் என்று ஊரெல்லாம் கதை. பிடித்துப் பார்த்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. உம்மா ராவில் என்னோடு வந்து படுத்தார். வாப்பாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கொடுத்த வீட்டில் வந்து காவல் படுக்கவும் வெட்கம், படுக்காமல் இருக்கவும் பயம். ரெண்டு நாள் யோசித்துவிட்டுக் குறட்டைத் தூக்கினார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். ஓடாமல் கிடந்த ஒரு அலாரம் மணிக்கூட்டைக் கழற்றி, மணி அடிக்கிற பாகத்தை மட்டும் எடுத்தார். சாவி கொடுத்தால் அதன் சின்னச் சுத்தியல் படபடவென்று அடிக்கும். அந்தச் சுத்தியலுக்குக் குறுக்கே ஒரு சைக்கிள் கம்பியைச் செருகினார். கம்பி இருக்கும் வரைக்கும் சத்தமில்லை. கம்பியிலிருந்து ஒரு நூல், நூலின் மறுமுனை குசினிக் கதவில். கதவை ரெண்டு விரல் திறந்தால் கம்பி கழன்றுவிடும், பிறகு சாவி தீரும்வரை அடிதான். இவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சத்தம் போதாது என்று, நாங்கள் கந்தூரிக்குச் சோறு போடுகிற பழைய பித்தளைச் சகனை, அந்தப் பெரிய தட்டை, கதவு நிலைக்கு மேலே தொங்கவிட்டு, சுத்தியல் அதில் படுகிறமாதிரிப் பூட்டினார். முதல் தரம் அடித்தபோது கூரையிலிருந்த காகமெல்லாம் கடற்கரைப் பக்கம் போய்விட்டன. வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூத்த மகன் சோதனை பாஸ் பண்ணின மாதிரி.

கள்ளன் வரவில்லை. ஆடு வந்தது. பக்கத்து வளவுச் சரிபா மாமியின் ஆடு. கிடுகு வேலிக்குள்ளால் தலையை விட்டுப் புகுந்து, குசினிக் கதவை முட்டிப் பார்ப்பதுதான் அதன் வேலை. முட்டினால் மணி. மணியடித்தால் முதல் நாள் பொல்லுத்தடியோடு ஆம்பிளைகள் ஓடி வந்தார்கள். அடுத்த நாள் பொல்லில்லாமல் வந்தார்கள். அதற்கடுத்து ஒருவரும் வரவில்லை, "கொண்டக்டர்ர ஆட்டு மணி" என்று பேர் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். மறந்துபோய் நான் கதவைத் திறந்த நாட்களும் உண்டு, அதைச் சேர்த்தால் ஆட்டுக்கு மட்டும் பழி போட முடியாது.

மாமிக்கும் வாப்பாவுக்கும் இதில் பெரிய பிரச்சினை. "தங்கச்சி, ஆட்டக் கட்டிப் போடுங்க" என்பார் வாப்பா. "காக்கா, மணியக் கழட்டிப் போடுங்க, நாங்க மனிசர் தூங்கவேணாமா" என்பார் மாமி. எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். மாமிக்கு வாய் நீளம். ஆறு பிள்ளை பெற்று ஆறையும் வாயாலேயே வளர்த்த மனுஷி. கடைசியில் ரெண்டு பேரும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று உம்மாவிடம் சொல்வதும், அந்தப் பக்கம் நின்று ஆட்டிடம் சொல்வதுமாகக் கொஞ்ச நாள் போனது.

அப்படி இருக்கிறபோதுதான் அடுத்த தெருவில் ஒரு போடியார் மௌத்தானார். நிறைய வயல் வைத்திருந்தவர், ஊருக்கே வேண்டிய மனுஷர். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். எங்கள் தெருவே எழும்பிப் போனது. உம்மாவுக்கு அவருடைய மனைவி சொந்தத்தில் ராத்தா, அதாவது அக்கா முறை, போகாமல் இருக்க ஏலாது. நான் போக ஏலாது. வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவள் மையத்து வீட்டுக்குப் போகக் கூடாது, அது அந்த நாள் வழக்கம். பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் ஒருத்தியும் மீறமாட்டாள். பிள்ளைப்பேறு பார்க்கிற மிஸி சொன்ன நாளுக்கு இன்னும் ரெண்டு கிழமை இருந்தது. "ஒரு எட்டு மொகத்தப் பாத்துட்டு வாறன் மகள்" என்று உம்மா போனார். வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் செருமி, குசினிக்குள் ஏறி மணிக்கு இறுக்கமாய்ச் சாவி கொடுத்தார். "சனமெல்லாம் மையத்து வீட்டுல. கள்ளனுக்கு இதாங்கா நேரம். குசினிக் கதவத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்து கொஞ்ச நேரம்தான். மீன் கழுவ உட்கார்ந்தவளுக்கு இடுப்பில் ஒரு பிடி. வாயுப் பிடிப்பு என்று நினைத்தேன். ரெண்டாவது பிடியில் சட்டி கையிலிருந்து விழுந்தது. பிறகு காலெல்லாம் தண்ணீர். சட்டித் தண்ணீர் அல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழும்பப் பார்த்தேன், கால் கேட்கவில்லை. முன்வாசல் எனக்கு அக்கரைப்பற்று மாதிரித் தூரமாய் இருந்தது. "உம்மா" என்று கத்தினேன். இருந்தால்தானே வருவதற்கு. எனக்கு வயது இருபதுகூட ஆகவில்லை, பிள்ளை எப்படிப் பிறக்கும் என்றுகூட ஒழுங்காய் ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை. பயந்து செத்தேன் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதுதான். நானும் பிள்ளையும் இந்தக் குசினியிலேயே முடிந்துபோவோம் என்று நினைத்தேன்.

குசினிக் கதவு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஊர்ந்துபோய்க் கீழ்ப்பலகையைப் பிடித்து இழுத்தேன். சகன் அலறத் தொடங்கியது. வாப்பா கொடுத்த சாவி அப்படி, ஓயவே இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஆடு என்றுதான் நினைத்திருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். அடித்து அடித்து, மெதுவாகி, டக் டக் என்று ரெண்டு தட்டுத் தட்டி நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் மையத்து வீட்டில் யாசீன் ஓதுவது மட்டும் கேட்டது. சாவி கதவுக்கு மேலே, நான் தரையில். ஒருவரும் வரமாட்டார்கள் என்று அழத் தொடங்கினேன்.

வேலி படபடவென்று முறிந்தது. ஆடு அல்ல, சரிபா மாமி. வரும்போதே ஏச்சு.

"மையத்து வீட்டுல மனிசர் ஓதுறதா, உங்கட வாப்பாட சனியன்ட சத்தத்தக் கேக்கிறதா? இண்டைக்கு அந்தச் சகனப் புடுங்கிக் கெணத்துல போடாம நான் போறல்ல..."

கதவைத் தள்ளியவர் என்னைக் கண்டதும் வாய் திறந்தபடி நின்றார். "யா அல்லா. ஏன்கா, இத மொதல்லயே செல்லல்ல?"

"செல்லத்தான் மாமி மணியடிச்ச" என்றேன்.

அந்த நேரத்திலும் மனுஷிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்கவில்லை. தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டு மிஸியைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தினார். மிஸி வரும்வரைக்கும் பிள்ளை காத்திருக்கவில்லை. தலை வந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. மாமி விரலை விட்டு அதைத் தலைக்கு மேலால் எடுத்துவிட்டார். "பயப்புடாத, ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை முதலில் அழவில்லை. மாமி முதுகில் தடவித் தட்டி ஏசினார். பிறக்கும்போதே அவரிடம் ஏச்சு வாங்கின பிள்ளை அது ஒன்றுதான். பிறகு அழுதது பாருங்கள், சகன் தோற்றுப்போகும். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி. மிஸி வந்து கொடியை வெட்டிவிட்டு, "நல்ல வேள, பக்கத்துல ஒரு ஆள் இருந்த" என்றார். மாமி அடுப்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மணியடித்ததை யாரோ போய்ச் சொல்ல, வாப்பா அடக்கம் நடந்த மையவாடியிலிருந்து ஓடிவந்து குசினி வாசலில் நின்றார். செருமக்கூட மறந்துவிட்டார். "கள்ளனா?" என்றுதான் கேட்டார்.

"கள்ளனில்ல காக்கா, கள்ளி" என்றார் மாமி உள்ளேயிருந்து. "பொம்புளப் புள்ள. இன்னொரு வீடு கட்டுற வழியப் பாருங்க."

பஸ்ஸில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரலால் வாப்பா பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். அவ்வளவு மெதுவாய் அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று பின்னேரம் மச்சானுக்கு அனுப்பக் கெஸட்டில் எல்லாரும் பேசினோம், மாமி அதிலும் வாப்பாவை ஏசினார். மறுநாள் வாப்பா தானாகவே சகனைக் கழற்றிவிட்டார். பிள்ளை திடுக்கிடுமாம். தெருவே நிம்மதியாய்த் தூங்கியது. ஆடு எங்கள் வளவில் தாராளமாய் நின்று மேய்ந்தது, ஒருவரும் துரத்தவில்லை.

மாமி கனகாலம் இருந்தார். அவர் மௌத்தானபோது அன்று குசினியில் பிறந்த என் மகளுக்கு நிறைமாதம், வயிற்றில் தலைப்பிள்ளை. செய்தி வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் போனால் இவள் தனிய. போகாவிட்டால் மாமியின் முகத்தைக் கடைசியாய் ஒருதரம் பார்க்கக் கிடைக்காது. நடு வீட்டில் நின்று தடுமாறிக்கொண்டிருக்கிறேன், மகள் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"வாங்க உம்மா, போவம்."

"புள்ளத்தாச்சி மையத்து வீட்டுக்குப் போறல்ல மகள்."

"நான் பொறந்த நேரம் என்ன ஏந்தின கை உம்மா. நான் போகாம ஆரு போற?"

அவளைப் பிடித்துக்கொண்டு போனேன். உள்ளே இருந்த கிழவிகள் அவளுடைய வயிற்றைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டாள். மகள் மாமியின் தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதினாள். நாலைந்து நாளில் ஆஸ்பத்திரியில் சுகமாய் ஒரு ஆம்பிளைப் பிள்ளை பிறந்தது. அதன் பிறகு எங்கள் தெருவில் அந்த வழக்கம் மெல்ல மெல்ல இல்லாமல் போய்விட்டது. பழையது எது போனாலும் மனம் நோகிறவள் நான். இது போனதில் எனக்குத் துளி கவலையும் இல்லை. இப்போது ஊரே ஒரு மையத்து வீட்டுக்குப் போனாலும், வயிற்றுப் பிள்ளைக்காரியும் கூடத்தான் போகிறாள்.