திரும்பாத கோரைப்பல்

என் வீட்டுக்காரருக்குப் பல் திருப்புவதுதான் வேலை. டாக்டர்கள் அனுப்பும் பல்வரிசையைக் கணினித் திரையில் வைத்து, எந்தப் பல் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று முடிவுசெய்வார். அதற்கேற்ப மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் தயாராகும். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டுவந்தால் பல் மெல்ல நகரும். மனுஷன் அரைக்கனவிலேயே வாழ்பவர். தூக்கத்தில் என் சுண்டுவிரலைப் பிடித்துத் திருகுவார். "ஏங்க, அது பல்லு இல்லைங்க, விரலு!" என்றால், "ம்... இன்னும் கொஞ்சந்தான்" என்பார், கண்ணைத் திறக்காமலே.

எனக்கும் ஒரு கோரைப்பல் திருகிக்கொண்டு நிற்கிறது. வெளியாட்கள் முன் சிரிக்கவே கூச்சம். அதை அவரிடம் சொன்னதில்லை. நாற்பதைத் தாண்டியபிறகு ஒருவழியாகத் தைரியம் வந்து, "நேராக்கிக் குடுங்க" என்று மட்டும் கேட்டேன். என் உறைகளை அவரே திட்டமிட்டார். நானும் ஆசை ஆசையாய் மாட்டினேன். மற்ற பற்கள் சமர்த்தாக வரிசையில் வந்து நின்றன. கோரைப்பல் மட்டும் அசைவேனா என்றிருந்தது.

கடைசி உறையும் முடிந்ததும் டாக்டரம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது உருண்டைப் பல்லும்மா, உறை வழுக்கிடும். பல் நிறத்துல சின்னதா ஒரு பொட்டு ஒட்டியிருந்தா, உறை அதப் பிடிச்சுத் திருப்பியிருக்கும். நான் கேட்டேன், உங்க வீட்டுக்காரர்தான் வேணாம், தானா திரும்பிடும்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் பல்லுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைப்பவருக்குப் பெண்டாட்டி பல் இளக்காரமாக்கும்!

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். முதலில் மழுப்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"திரையில திருப்பிப் பாத்தேன். யாரோ மாதிரி இருந்துச்சு. எனக்கு மனசு வரல."

"பல்லு யாரோடதுங்க?"

"நீ சிரிச்சா மொதல்ல அதுதான் எட்டிப் பாக்கும். எவ்வளவு அழகு தெரியுமா?"

கோபத்தோடு அழுகையும் வந்துவிட்டது. "உங்களுக்குத்தான் தெரியும். உங்க முன்னாடி மட்டுந்தான் அப்படிச் சிரிக்கிறேன். என் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, கையால வாயப் பொத்தாம நான் சிரிச்சு ஒருத்தரும் பாத்ததில்ல."

அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அவர் கண்ணில் பட்டதே இல்லை.

எழுந்துபோய்க் கணினியைப் போட்டார். என் பற்கள் வெள்ளை வெளேரென்று திரையில் மிதந்தன. கோரைப்பல்லில் பொட்டு வைத்தார். மெதுவாகத் திருப்பினார். நேரான பிறகும் நிறுத்தவில்லை.

"போதுங்க, தாண்டிப் போகுது."

"ஈறு அதப் பழைய இடத்துக்கே இழுக்கப் பாக்கும். கொஞ்சம் கூடுதலாத் திருப்பினாத்தான் நிக்கும். நீ ஆபீஸ்ல சிரிக்கணும்ல?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார்.