ரஞ்சன்குடி முதல் ஜெயங்கொண்டம் வரை: ஊருக்கு ஒரு சோடா

சித்திரை பிறந்த இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, நானும் என் அக்கா பூங்கொடியும் ரஞ்சன்குடியிலிருந்து ஜெயங்கொண்டம் வரை போய் அன்றே திரும்பினோம். போனது காலிப் பாட்டில்களுக்காக. வழியெல்லாம் செய்தது சோடா குடித்தது. எங்கள் ஊர் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில் மற்றவர்கள் பழனி, வேளாங்கண்ணி என்று எழுதுகிறார்கள். நான் போன தூரம் இவ்வளவுதான். ஆனாலும் கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் எங்கே இறங்கி எதைக் குடிக்கலாம் என்று என்னால் சொல்ல முடியும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, அக்கா வீட்டுக்காரரின் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவுவது என் வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கோட்டைக்குத் திரும்பும் முனையில் ஒரு கூரைக் கொட்டகை, கையால் சுற்றும் ஒரு மிஷின், ஒரு கேஸ் சிலிண்டர், பக்கத்தில் கிணறு. எங்கள் பாட்டிலின் அடியில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இறங்கியதும் கொடுக்க ஆறு டஜன் கலர் சோடா வேண்டும் என்று கேட்டார்கள். அத்தான் சரி என்று சொல்லிவிட்டார். வெற்றிலை வைத்து வாங்கிய வார்த்தை. அதற்குப் பிறகுதான் பாட்டில்களை எண்ணினார். நாற்பத்தேழு இருந்தது. மீதி இருபத்தைந்தும் ஊர் சுற்றப் போயிருந்தன. லாரிக்காரர் எங்களிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே போவார். காலிப் பாட்டிலை அரியலூரில் ஒரு கடையில் வைத்துவிட்டு அங்கே வேறொன்றை எடுத்துக்கொள்வார். அதனால் எங்கள் பாட்டில் அவர்களிடமும் அவர்கள் பாட்டில் எங்களிடமும் சேர்ந்துகொண்டே இருக்கும். வருஷத்தில் இரண்டு முறை கம்பெனிக்காரர்கள் சாக்கில் கட்டி எடுத்துப் போய் மாற்றிக்கொள்வார்கள். இந்தத் தடவை அத்தான் மிஷினை விட்டு நகர முடியாது. முதல்முறையாக நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். கல்யாணத்துக்குக் கலர் போகவில்லை என்றால் அத்தானை நம்பி இனி யாரும் கல்யாணத்துக்குச் சொல்ல மாட்டார்கள். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

காலை ஐந்தே முக்காலுக்கு பஸ். பெரம்பலூருக்கு 17 கிலோமீட்டர், ஆளுக்கு 1 ரூபாய் 20 பைசா. வைக்கோல் திணித்த சாக்கு ஒன்று, அதற்கு லக்கேஜ் 50 பைசா. கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கலகலங்குது?"

"சோடா பாட்டிலுங்க. காலிதான்" என்றாள் அக்கா.

"வெடிச்சிறாதே?"

"ஒங்க டிரைவரு பள்ளத்துல வுடாம ஓட்டுனா வெடிக்காது."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஆறரை. அரியலூர் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. ஸ்டாண்டுக்கு வெளியே கிழக்குப் பக்கம் மூன்றாவது கடையில் பன்னீர் சோடா, 50 பைசா. காலை நேரத்தில் யாராவது சோடா குடிப்பார்களா என்று கேட்காதீர்கள். வெயில் ஏறாதபோதுதான் பன்னீரின் வாசனை தனியாகத் தெரியும். சோடா முதலில் மூக்குக்கு வருகிறது, பிறகுதான் நாக்குக்கு. பாதி குடித்த பிறகு ஒரு ஏப்பம், அதிலும் ரோஜாப்பூ. எங்கள் பக்கத்தில் பெண்கள் கடை வாசலில் நின்று பாட்டிலை அண்ணாந்து குடிப்பது வழக்கமில்லை. ஆம்பிளைகள் வாங்கி வந்து பஸ் ஜன்னலில் நீட்டுவார்கள். எங்களோடு ஆம்பிளை யாரும் வரவில்லை. அக்கா வாசலில் நின்றே குடித்தாள். நான் கடைக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். அங்கே ஒரு ஆடு கட்டியிருந்தது.

அரியலூர் 30 கிலோமீட்டர், 2 ரூபாய் 10 பைசா. போகப்போக ரோடு, மரம், முன்னால் போகும் லாரி எல்லாம் வெள்ளையாகிவிடும். சுண்ணாம்புக்கல் தூசி. ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுக்கொள்ளாமல், இறங்கும்போது நரைத்துப்போயிருந்தேன். கடைத்தெருவில் இருந்த கம்பெனிக்காரர் எங்களைப் பார்த்ததும், பேச்சு தொடங்கும் முன் இரண்டு இஞ்சி சோடா உடைத்தார்.

இது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை. ஒரு கம்பெனிக்காரர் இன்னொரு கம்பெனிக்குப் போனால், அவர்கள் தங்களிடம் இருப்பதில் நல்லதை உடைத்துக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு "நல்லா இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். குறை சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த தடவை பாட்டில் மாற்ற மாட்டார்கள் என்று அத்தான் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, அக்காவைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை. நான்தான் பேசுவதே இல்லையே.

அரியலூர் இஞ்சி சோடாவுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், சோறு பொங்கினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் என்கிறார்கள். ஆனால் அதே தண்ணீரில் இஞ்சியும் கேஸும் சேர்ந்தால், தொண்டையில் ஒரு பிடி பிடித்துவிட்டு இறங்குகிறது. இரண்டாவது வாய்க்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. விலை 40 பைசா, எங்களிடம் வாங்கவில்லை. அங்கே எங்கள் நட்சத்திரப் பாட்டில் ஒன்பது கிடைத்தது. இன்னும் பதினாறு வேண்டும். "எல்லாம் ஜெயங்கொண்டத்துக்குப் போயிருக்கும். லாரி எல்லாம் அந்தப் பக்கந்தானே போவுது" என்றார் அவர்.

ஜெயங்கொண்டம் 35 கிலோமீட்டர், 2 ரூபாய் 45 பைசா, ஒன்றே கால் மணி நேரம். உடையார்பாளையம் தாண்டியதும் மண் சிவப்பாகிவிடும். முந்திரித் தோப்பு வழியாக பஸ் போகும்போது பழ வாசனை உள்ளே வருகிறது. பகல் பதினொன்றரைக்கு இறங்கினோம். கம்பெனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே. அதன் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் போகப்போக உங்களுக்கே தெரியும்.

கடையில் கால் வைத்ததுமே பார்த்துவிட்டேன். முன் பலகையில் திராட்சைக் கலர் வரிசையாக நின்றது. அதில் எங்கள் பாட்டில்கள் பதினெட்டு. அடியைப் பார்க்க வேண்டியதில்லை, கழுத்தின் வளைவிலேயே தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

முதலாளி ஐம்பது வயதுக்காரர், மூக்குப்பொடி மட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் பாட்டில்கள் இருபதை எங்கள் சாக்கிலிருந்து எடுத்துக்கொண்டார். எங்களுடையதைக் கேட்டபோது மட்டும் தலையை ஆட்டினார். நாளைக்குச் சந்தையாம், எல்லாம் நிரப்பி வைத்தாயிற்றாம், சந்தை முடிந்து வெள்ளிக்கிழமை வந்தால் தருகிறாராம். அக்கா கல்யாணத்தைச் சொன்னாள், வெற்றிலை வாங்கியதைச் சொன்னாள். அவர் வருத்தப்பட்டார், ஆனால் கொடுக்கவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நிரப்பிய கலரை எதில் ஊற்றுவது?

"மொதல்ல குடிங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று இரண்டு திராட்சைக் கலர் உடைத்தார்.

நிறம் அழகாக இருந்தது. இனிப்பும் சரி, கேஸும் சரி. ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் சைக்கிள் டியூப் வாசனை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாட்டில் வாயில் கோலி வந்து அடைக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். புது வளையத்தை இரண்டு நாள் வெந்நீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிய பிறகுதான் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. இவர்கள் கோடை அவசரத்தில் பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குண்ணே" என்றாள் அக்கா.

"பாப்பா ஒண்ணும் சொல்லலையே. புடிக்கலையா?"

தலையாட்டிவிட்டிருக்கலாம். எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்தப் பதினெட்டு பாட்டிலையும் நாளைக்குச் சந்தையில் குடிக்கப்போகிறவர்கள் அடியில் இருக்கும் எங்கள் நட்சத்திரத்தைத்தானே பார்ப்பார்கள் என்று தோன்றியது.

"ரப்பர் வாசன வருதுங்க" என்றேன்.

அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். முதலாளி மட்டையை மடியில் வைத்தார். கடைத் தூணில் சாய்ந்து அவருடைய கலரைக் குடித்துக்கொண்டிருந்த அரியலூர் பஸ் டிரைவரைக் கூப்பிட்டார்.

"யோவ், நீ தெனம் குடிக்கிற. ரப்பர் வாசனையா வருது?"

டிரைவர் பாட்டிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஒரு மாசமா வருதுங்க."

"ஏன்யா சொல்லல?"

"ஓசியில குடிச்சுட்டு என்னத்தங்க கொற சொல்றது?"

உள்ளேயிருந்து முதலாளியின் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. "பொடி போட்ட மூக்குக்கு எங்க தெரியப்போவுது. நாஞ் சொன்னா சண்டைக்கு வருவாரு" என்றார் அவர், கதவுக்குப் பின்னாலிருந்து.

முதலாளி ஒரு பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார். நான் சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு, வளையத்தை என்ன செய்யணும் பாப்பா என்று கேட்டார். சொன்னேன். எத்தனை தண்ணீர் மாற்றணும் என்றும் கேட்டார். ஆறு என்றேன். ஒரு நாளில் நான் வெளியாரிடம் பேசியதில் அதுதான் அதிகம்.

"இத சந்தைக்குக் கொண்டுபோயி மானத்த வாங்கிக்கவா?" என்று எழுந்தார். "ஒங்க பதினெட்டையும் எடுத்துக்கங்க. ஆனா தரையில ஊத்த எனக்கு மனசு வராது. யோவ், ஒன் பஸ்ஸுல எத்தன பேரு?"

"முப்பது பேரு இருக்கும். கௌம்ப இன்னும் பத்து நிமிசம்."

அந்தப் பத்து நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். முதலாளி கட்டைவிரலால் டப், டப் என்று உடைக்க உடைக்க, அக்காவும் நானும் பஸ் ஜன்னல்களுக்கு ஓடினோம். ஒரு பாட்டிலை இரண்டு பேர், மூன்று பேர் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். வேட்டியெல்லாம் ஊதா நிறம். யாருக்கும் ரப்பர் வாசனை தெரியவில்லை. ஒருவர் மட்டும், "புதுசா ஏதோ எசன்ஸ் போட்டிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார். ஜன்னலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். கோலி வாயை அடைத்துக்கொண்டிருந்தது. நான் படியேறி உள்ளே போனேன். "கழுத்துல ரெண்டு குழி இருக்கு பாருங்கம்மா, அது கீழ வர்ற மாதிரி புடிக்கணும்" என்று சொல்லி, அண்ணாந்து ஒரு வாய் குடித்துக் காட்டினேன். முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் விழுங்கிவிட்டேன்.

அதே பஸ்ஸில் காலிப் பாட்டில்களோடு திரும்பினோம். டிரைவர் பள்ளம் பார்த்து ஓட்டினார். அப்படியும் உடையார்பாளையத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் உடைந்தது. மாலை ஐந்தரைக்கு வீடு வந்து எண்ணினால் எழுபத்து மூன்று. அத்தான் இரண்டு தடவை எண்ணினார். அக்கா அன்றைக்குத்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் காலையில் அந்தப் புது வளையங்களைப் பிடுங்கிவிட்டு ஊறியவற்றை மாட்டினேன். புதன்கிழமை விடியும்போது ஆறு டஜன் கலர் மாட்டு வண்டியில் கல்யாண வீட்டுக்குப் போயிற்று. வெற்றிலை கொடுத்த பெரியவர் ஒன்றைக் குடித்துப் பார்த்துவிட்டு, பெண்ணின் தங்கச்சி கல்யாணத்துக்கும் இங்கேதான் என்று அத்தானிடம் சொன்னாராம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஆளுக்குப் போக வர 11 ரூபாய் 50 பைசா பஸ்ஸுக்கு ஆகும். சோடாவுக்கு இரண்டு ரூபாய் போதும், கம்பெனிக்காரரானால் அதுவும் வேண்டாம். ஒரே ஊரில் இரண்டு குடிக்காதீர்கள், அடுத்த ஊருக்கு வயிற்றில் இடம் வையுங்கள். வெறும் வயிற்றில் இஞ்சி சோடா வேண்டாம். கலர் பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள், வெடித்தால் கண்ணாடி முகத்தில்தான் படும். குடித்த பாட்டிலைத் தயவுசெய்து குடித்த கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஜெயங்கொண்டத்துத் திராட்சைக் கலர் இப்போது நன்றாக இருக்கிறதாம். அரியலூர் பஸ் டிரைவர் இந்தப் பக்கம் வந்த ஒரு லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

கடைசியாக ஒன்று. கல்யாண வீட்டிலிருந்து காலிப் பாட்டில்கள் வந்தபோது ஏழு குறைந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். மாப்பிள்ளைக்கு ஊர் விக்கிரமங்கலம். அத்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், அக்கா புலம்புகிறாள். எனக்கு மட்டும் சிரிப்பு வருகிறது. விக்கிரமங்கலத்தில் என்ன சோடா கிடைக்கும் என்று காலையில் கடைக்கு வந்த லாரிக்காரர் ஒருவரிடம் நானே கேட்டேன். எலுமிச்சை என்றார்.