அமாவாசையில் இரண்டு கல்லூரி பார்த்த கதை

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு கல்லூரி கல்லூரியாக அலைகிற பெற்றோர் சிலர், எதைப் பார்த்துச் சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பயணம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூன் மாதக் கடைசியில், ஆரணியிலிருந்து அப்பாவோடு வேலூருக்கும் மெட்ராஸுக்கும் ஒரே நாளில் போய்வந்தது. நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது.

இரண்டு ஊரிலும் எனக்கு பி.எஸ்ஸி. கணக்குக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். நேரில் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்றார் அப்பா. அவர் நெய்தது கோர்வைப் பட்டு; உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோக்கிற சேலை, இரண்டு ஆள் வேலை. அவர் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவது நான். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. இருவரும் எழுந்து போனால் தறி நின்றுவிடும். எங்கள் தெருவில் தறிக்கு லீவு அமாவாசை அன்று மட்டும்தான். அதனால் அமாவாசைக்குக் கிளம்பினோம்.

காலை ஐந்தரைக்கு பஸ். கண்ணமங்கலம் வழியாக வேலூர் நாற்பது கிலோமீட்டர்; டிக்கெட் அப்போது நான்கு ரூபாய்க்குள்தான். கல்லூரி வாசலில் வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாங்க, ஞாயித்துக்கெழமையில வந்துகினு பிரின்ஸிபால கேக்கறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "அமாவாசைன்னுதான் பாத்தேன். கெழமைய பாக்கலியேம்மா."

நானும்தான் பார்க்கவில்லை. பரீட்சை முடிந்ததிலிருந்து தறியே கதி என்று கிடந்தவளுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். அடுத்த அமாவாசைக்குள் என் இடம் வேறு யாருக்கோ போயிருக்கும். எனக்கு அழுகை முட்டியது. வாட்ச்மேனுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "ஆஸ்டல வேணா பாருங்க. இன்னிக்கு வூட்லேர்ந்து பாக்க வர்ற நாளு" என்று உள்ளே விட்டார்.

ஹாஸ்டல் பின்புறம் போளூர்க்காரப் பெண் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருஷம். அவளிடம் கேட்டேன்.

"பாடம் நல்லா நடத்துவாங்க. ஒருத்திகூட பெயிலாவ மாட்டா. ஆனா இந்த கேட்ட தாண்ட முடியாது, ஒரே பேஜாரு."

"முடிச்சவங்க இன்னா பண்றாங்க?"

"பாதி பேருக்கு கல்யாணம் ஆயிடுச்சி. மீதி பேரு மாப்ள பாத்துகினு இருக்காங்க" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா மட்டும், "ஊர்லேர்ந்து தெனம் பஸ்ல வர்றவங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். நிறையப் பேர் வருகிறார்கள் என்றாள் அவள். அப்பாவின் முகம் தெளிந்தது. வேலூர் என்றால் காலையிலும் மாலையிலும் தறியில் நான் இருப்பேன். அவர் கணக்கு எனக்குப் புரிந்தது.

பத்தரைக்கு மெட்ராஸ் பஸ். நூற்று நாற்பது கிலோமீட்டர். இன்ஜின் பக்கத்து சீட்டில் மூன்றரை மணி நேரம் வெந்தோம். ஆற்காட்டில் எதுவும் வாங்கிச் சாப்பிடாதது பெரிய தப்பு.

அங்கே ஹாஸ்டல் காலியாகக் கிடந்தது. எல்லாரும் பீச்சுக்கும் சினிமாவுக்கும் போயிருப்பதாக வார்டன் சொன்னார். அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் தடிமனான புத்தகத்தோடு ஒரு பெண் வந்தாள். சொந்த ஊர் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டு என்றதும் அப்பாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"கிளாஸ் சுமாருதாங்க. ஒரு மேடம் பாதி நாளு வர்றதே இல்ல. நம்மளேதான் படிச்சிக்கணும். ஆனா பக்கத்துலயே பாங்க் பரீட்சைக்கு சொல்லி குடுக்கறாங்க. எங்க ரூம்லேர்ந்தே ரெண்டு அக்காவுக்கு வேல கெடச்சுது."

"அப்ப நீ பீச்சுக்கு போவ மாட்டியா?" என்று கேட்டார் அப்பா.

"ஏன், இப்ப போவப் போறேங்க!"

கல்லூரி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லீவு நாளிலும் ஒருமுறை போங்கள். கடைசி வருஷத்துப் பிள்ளைகளிடம் யார் பாடம் நடத்துகிறார்கள், கேட் எப்போது மூடுகிறார்கள், போன வருஷம் முடித்தவர்கள் எங்கே என்று கேளுங்கள். மூன்றும் நன்றாக இருக்கிற இடம் கிடைக்காது. எது குறைந்தால் தாங்குவீர்கள் என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஊர் வேண்டவே வேண்டாம்.

நாங்கள் வீட்டில் எதையும் பேசியிருக்கவில்லை. திரும்புகிற பஸ் காஞ்சிபுரம் தாண்டியது. எனக்கு உடம்பெல்லாம் அசதி. வேலூரே போதும் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

"வேலூர்னா நீ தெனம் வூட்டுக்கு வந்துடுவ" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

"வந்தா, செத்த நாடா தள்ளு கண்ணுன்னு நான் கூப்ட்ருவேன். உன்ன கண்ணுல பாத்துகினு கூப்டாம இருக்க என்னால ஆவாது. நீ மெட்ராஸே போ."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆரணி வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.