குறைத்துண்டு ஒட்டின போன்கள்

பாவிச்ச போன் விக்கிற தொழிலிலை, வாற ஆள் போனைப் பாக்க முந்தி எங்கடை மூஞ்சையைத்தான் பாப்பார். களவெடுத்ததோ, கிணத்துக்கை விழுந்ததோ, வெளியிலை மினுக்கி உள்ளுக்கை உக்கிப்போனதோ எண்ட சந்தேகம் எல்லாத்துக்கும் பதிலை எங்கடை முகத்திலை தேடுவினம். இந்தத் தொழில் செய்யிற ஆக்களுக்கு நான் சொல்லுறது உடனை விளங்கும். வாங்கப் போய், அரை மணித்தியாலம் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டு வெறுங்கையோடை திரும்பின ஆக்களுக்கும் விளங்கும். ரெண்டு பகுதிக்கும் ஒரே வருத்தம்தான்.

என்ரை கடை திருநெல்வேலியிலை, பலாலி வீதியோரம், கம்பசிலை படிக்கிற பிள்ளையள் பஸ்ஸாலை இறங்கி நடக்கிற பக்கம். முந்தி ஒரு புதுப் போன் கடையிலை ஆறு வருசம் நிண்டனான். பற்றரி ஒண்டு மாத்தினால் இன்னும் நாலு வருசம் ஓடக்கூடிய போனை, "இது முடிஞ்சுது, புதுசு எடுங்கோ" எண்டு சொல்லச் சொல்லுவினம். எனக்கு வாய் கொஞ்சம் கூட. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல மட்டும் அந்த வாய் திறக்காது. கடைசியிலை வேலையை விட்டுப்போட்டு நானே திருத்தி விக்கத் தொடங்கினன். ஒவ்வொரு போனின்ரை முதுகிலையும் அதின்ரை குறை எல்லாத்தையும் எழுதி ஒரு துண்டு ஒட்டுவன். கடையின்ரை பேர் அந்தத் துண்டிலைதான் நிக்குது.

அதிலை ஒருக்கால் ஒரு வரி விடுபட்டுப் போச்சு. அதாலை ஒரு மனிசன்ரை தொழில் கடலோடை போகப் பாத்தது. அந்தக் கதைக்கு வரமுந்தி, இந்தத் துண்டுக்கு எனக்குக் கிடைச்ச முதல் பாராட்டைச் சொல்லவேணும்.

மாப்பிள்ளைக்கும் இல்லாத துண்டு

கடை திறந்து மூண்டாம் நாள் பண்டத்தரிப்பிலை இருந்து தோட்டம் செய்யிற ஒரு கமக்காரர் பெண்சாதியோடை வந்தார். இளைய மகள் படிக்கிறதுக்கு ஒரு போன் வேணும். புதுசு வாங்கத்தான் டவுனுக்குப் போனவையாம், விலையைக் கேட்டுப்போட்டு அப்பிடியே இஞ்சாலை திரும்பியிருக்கினம். நான் எடுத்துக் குடுத்த போனை அவர் பாக்கேல்லை, துண்டைத்தான் வாசிச்சார். பற்றரி மாத்தினது. கண்ணாடி மாத்தினது. வலப்பக்க மூலையிலை கீறல் இருக்கு. இருட்டுக்கை படம் வடிவாய் விழாது.

வாசிக்க வாசிக்க அவற்றை முகம் மாறுது. மனிசிக்காரி வேறை, "என்னப்பா, இவ்வளவு பழுதை ஆர் காசு குடுத்து வாங்கிறது" எண்டு முணுமுணுக்கிறா. சரி, இந்த யாவாரமும் போச்சு, எனக்கேன் இந்தக் கண்டறியாத துண்டு எண்டு நான் என்னையே ஏசிக்கொண்டு நிக்கிறன். மனிசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, துண்டை இன்னொருக்கால் முதலிலை இருந்து வாசிச்சார். பேந்து போனை மடியிலை கட்டிக்கொண்டு சொன்னார்:

"எங்கடை மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசேக்கை புரோக்கர் இதிலை காவாசி உண்மை சொல்லியிருந்தால் காணும், பிள்ளை."

கனடாப் பூட்டு

வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாரும் செய்யிற ஒரு பிழை இருக்கு. தங்கடை பழைய போனை ஊருக்கு அனுப்ப முந்தி, உள்ளுக்கை இருக்கிறதை எல்லாம் அழிச்சு, துடைச்சு, பெட்டியிலை போட்டு அனுப்புவினம். தங்கடை கணக்கிலை இருந்து மட்டும் வெளியாலை வரமாட்டினம். இஞ்சை வந்து போனைத் திறந்தால், பழைய சொந்தக்காரற்றை கடவுச்சொல்லைத் தா எண்டு அது அடம்பிடிச்சுக்கொண்டு நிக்கும்.

அப்பிடி ஒரு போனை ஒரு ரீச்சர் கொண்டுவந்தா. கனடாவிலை இருக்கிற தமக்கை ஆரிட்டையோ குடுத்துவிட்டது. எல்லைவேலிப் பிரச்சினை ஒண்டாலை ரெண்டு பேரும் கன வருசமாய்க் கதைக்கிறேல்லை. "போனை மட்டும் அனுப்பியிருக்கிறா, ஒரு சொல்லு இல்லை. நீங்களே அவவோடை கதையுங்கோ, நான் கதைக்கமாட்டன்" எண்டுபோட்டு ரீச்சர் கதிரையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தா. நான் கனடாவுக்கு அடிச்சன். கடவுச்சொல்லைக் கேட்டால் தமக்கைக்காரி இழுக்கிறா. அது சொல்லேலாதாம், எழுதி அனுப்பவும் ஏலாதாம். கடைசியிலை ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னா. நான் அடிக்க அடிக்க, திரும்பியிருந்த ரீச்சர் மெல்ல எட்டிப் பாக்கிறா. அது சின்ன வயசிலை தமக்கை அவவைக் கூப்பிட்ட செல்லப் பேர்.

ரீச்சருக்குக் கண் நிறைஞ்சிட்டுது. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் தொழில் தொழில்தானே. இப்ப நாங்கள் ரெண்டு பேரும் அறிஞ்சுபோட்டம், கடவுச்சொல்லை உடனை மாத்துங்கோ அக்கா எண்டன். கனடாக் குரல் சொல்லிச்சுது:

"பன்ரண்டு வருசமாய் ஒவ்வொரு நாளும் உந்தப் பேரைத்தான் அடிக்கிறன், இப்ப என்னத்துக்குப் பிள்ளை மாத்த?"

கடலுக்குப் போற போன்

இனி அந்த விடுபட்ட வரி. குருநகரிலை இருந்து அருளப்பு அண்ணை வந்தார். நண்டு வலை போடுற ஆள், சொந்தமாய் ஒரு சின்னப் போட் வைச்சிருக்கிறார். புதுப் போனைக் கடலுக்குக் கொண்டுபோனால், தன்ரை கண் வலையிலை நிக்காமல் போனிலைதான் நிக்கும் எண்டார். அவருக்குப் படமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். கடலிலை நிண்ட இடத்தைக் குறிச்சு வைக்கிற வசதி ஒண்டு மட்டும் ஒழுங்காய் வேலை செய்யவேணும்.

நான் ஒரு போனை எடுத்துக் குடுத்தன். துண்டை வாசிச்சுக் காட்டினன். பற்றரி மாத்தினது, பின்மூடியிலை ஒரு கீறல், அவ்வளவுதான். அதோடை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உது தண்ணி தாங்குற மொடல் அண்ணை, கடலுக்கு நல்லது" எண்டும் யாவாரம் நடக்கிற புழுகத்திலை சொல்லிப்போட்டன். அவர் போனைக் கையிலை வைச்சு நிறை பாத்தார், மீனை நிறுக்கிற மாதிரி.

"உப்புக் காத்துக்குப் புதுசு பழசு தெரியாது, தங்கச்சி. இதே காணும்."

அரிசிப் பை

ஆறு மாசம் கழிச்சு ஒரு காலமை, அருளப்பு அண்ணை ஒரு சொப்பிங் பையோடை வந்து நிண்டார். பைக்குள்ளை அரிசி, அரிசிக்குள்ளை போன். நண்டு பிடிச்ச கையாலை தொட்டுத் தொட்டு ஊத்தையாய்ப் போச்செண்டு கடல்தண்ணியிலை அலம்பியிருக்கிறார். அண்டைக்கே அது செத்துப்போச்சு. ஆரோ சொன்னதைக் கேட்டு ரெண்டு நாள் அரிசிக்கை தாட்டு வைச்சிருக்கிறார். அரிசி ஈரத்தை எடுக்குதோ இல்லையோ, உப்பை எடுக்காது. உப்பு அந்த ரெண்டு நாளும் உள்ளுக்கை இருந்து அரிச்சிருக்கு.

போன் போனால் போகட்டும் எண்டார் அண்ணை. அவருக்கு வேண்டியது அதுக்குள்ளை இருந்த முப்பத்தொரு இடம். கடலுக்கடியிலை எங்கை கல்லு, எங்கை மூழ்கிப்போன வள்ளத்தின்ரை இரும்பு, எங்கை வலை மாட்டிக் கிழியும் எண்டு ஆறு மாசமாய் ஒண்டொண்டாய்க் குறிச்சது. சில இடம் ஒரு வலையைக் குடுத்துத்தான் அறிஞ்சதாம். இருக்கிற வலை இனிக் கிழிஞ்சால் போட்டை வித்துப்போட்டு இன்னொருத்தற்றை போட்டிலை கூலிக்கு ஏறவேண்டியதுதான். வேறை எங்கையாவது பதிஞ்சு வைச்சனியளோ எண்டு கேட்டன். இல்லை. "தண்ணிக்கை போட்டது நான். பிழை என்ரைதான்" எண்டு அவரே சொல்லுறார்.

எனக்கு அப்பத்தான் பொறி தட்டிச்சுது. அந்தப் போன் புதுசாய் இருக்கேக்கை தண்ணி தாங்கினது உண்மை. ஆனால் பற்றரி மாத்த அதைத் திறந்தது என்ரை கை. திறந்தால் தண்ணி புகாமல் ஓரத்திலை இருக்கிற பசை போயிடும், பிறகு அது தாங்காது. அதைத் துண்டிலை எழுதேல்லை. எழுதாதது மட்டுமில்லை, தாங்கும் எண்டு வாயாலையும் சொன்னனான். மனிசனோ பிழை தன்ரை எண்டு நிக்கிறார். பேசாமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியவராது. குருநகர் முழுக்கப் பேர் கெட்டால் கடை தாங்காது எண்டும் மனசிலை ஓடுது. உண்மையைச் சொல்லுறன், ஒரு நிமிசம் பேசாமல்தான் இருந்தனான். பேந்து எல்லாத்தையும் சொன்னன், அழுகையும் வந்திட்டுது. அண்ணை அரிசிப் பையைக் கட்டினார், அவிட்டார், திரும்பக் கட்டினார்.

"அப்ப ரெண்டு பேருமாய்த்தான் அதைத் தண்ணிக்கை தாட்டிருக்கிறம்."

பதினொரு நிமிசம்

போனுக்குள்ளை இருக்கிற நுணுக்கமான வேலைக்கு எனக்குத் துணை டவுனிலை இருக்கிற சலீம் நானா. தொண்ணூறிலை யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆக்களை வெளியேத்தேக்கை குடும்பத்தோடை புத்தளத்துக்குப் போகவேண்டி வந்து, பிறகு திரும்பி வந்து பழைய தெருவிலையே ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறவர். விசயத்தைச் சொன்னதும் தன்ரை வேலையைப் போட்டுட்டு, கருவிப் பெட்டியோடை என்ரை கடைக்கே வந்திட்டார். உப்பைக் கழுவி, அரிச்ச இடங்களிலை ஈயம் வைச்சு, மத்தியானம் ஒரு மணிக்குப் போன் கண் முழிச்சுது. ஆனால் அடுப்பிலை வைச்ச தோசைக்கல்லு மாதிரிச் சுடுது. கன நேரம் நிக்காது, கெதியாய் எடுங்கோ எண்டார் நானா.

நான் இலக்கங்களை வாசிச்சன். அண்ணையும் நானாவும் ஆள் மாறி ஆள் எழுதிச்சினம். கொப்பி தேட நேரமில்லை, மேசையிலை கிடந்த வெறும் குறைத்துண்டுகளிலை எழுதிச்சினம். ஒரு இலக்கம் பிழைச்சால் வலை போய்க் கல்லிலை விழும் எண்ட பயத்திலை, எழுதினதை ஒவ்வொண்டாய்த் திருப்பிச் சொல்லிச்சினம். வாசலிலை வந்து நிண்ட கம்பசுப் பிள்ளையள், என்ன கூத்தெண்டு தெரியாமல் தாங்களும் மூச்சுக் காட்டாமல் நிண்டிச்சினம். பதினொரு நிமிசம். இருபத்தொம்பதாவது முடிய போன் இருட்டாய்ப் போச்சு, பிறகு எழும்பவே இல்லை. மிச்ச ரெண்டு? அது ரெண்டும் கரைக்குக் கிட்ட, கண்ணை மூடிக்கொண்டே போவன் எண்டு அண்ணை சிரிச்சார். அந்தச் சிரிப்பைப் பாத்து நான் கும்பிட்டுப்போட்டன்.

இப்ப நீங்கள் கேப்பியள், வேறை ஒரு போனாலை அதைப் படம் எடுத்திருந்தால் ஒரு நிமிசத்திலை முடிஞ்சிருக்குமே எண்டு. ஓம், முடிஞ்சிருக்கும். மூண்டு பேருக்கும் அந்த யோசினை வரேல்லை. தேத்தண்ணி வந்து, முதல் மிடறு குடிச்ச பிறகு நானாதான் கடையைச் சுத்திப் பாத்துச் சொன்னார்:

"சுத்திவர நாப்பது கமரா கிடக்குது, நாங்கள் மூண்டு பேரும் பேனையாலை எழுதிக்கொண்டு இருந்திருக்கிறம்."

கூட்டி எழுதின வரி

அண்ணைக்கு அலுமாரியிலை இருந்து வேறை ஒரு போன் எடுத்துக் குடுத்தன். வேண்டாம் எண்டு மறுத்தவர், பேந்து ஒரு நிபந்தனையோடை வாங்கினார். இனி ஒட்டுற ஒவ்வொரு துண்டிலையும் அந்த வரி இருக்கவேணும். அவருக்கு முன்னாலையே இருந்து, "திறந்து திருத்தினது, தண்ணி பட்டால் தாங்காது" எண்டு நாப்பது துண்டிலையும் எழுதினன். இருபத்தொம்பது இடத்தையும் அந்தப் போனிலை பதிஞ்சு, என்ரை கணினியிலையும் ஒரு பிரதி வைச்சன். இலக்கம் எழுதின துண்டுகளை அண்ணை ஒரு சவர்க்காரப் பெட்டிக்கை போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ரெண்டு கிழமையாய் நான் ஒழுங்காய் நித்திரை கொள்ளேல்லை. அண்ணை ஏசாட்டிலும், கரையிலை நிக்கிற சனத்தின்ரை வாயை ஆர் மூடுறது? நினைச்ச மாதிரியே ஒரு நாள் குருநகரிலை இருந்து மூண்டு பேர் மோட்டச் சைக்கிளிலை வந்து இறங்கிச்சினம். சண்டைக்குத்தான் வந்திருக்கினம் எண்டு நான் மேசைக்குப் பின்னாலை எழும்பி நிண்டன். மூண்டு பேரும் ஒவ்வொரு போனாய்த் திருப்பித் திருப்பி, முதுகிலை இருந்த துண்டுகளை வாசிச்சினம். பேந்து மூத்தவர் நிமிந்து என்னைப் பாத்தார்.

"கேக்காத குறையையும் தானே அழுது சொல்லுற ஒரு விசர்ப் பிள்ளை திருநெல்வேலியிலை கடை வைச்சிருக்கிறா, அவவிட்டைத்தான் வாங்கவேணும் எண்டு அருளப்பு அண்ணை சொன்னவர், அது நீங்களோ?"

புதுப் போன் விக்கிற ஆக்கள் நல்லதைச் சொல்லி விக்கினம், நான் குறையைச் சொல்லி விக்கிறன், இதிலை ஆர் புத்திசாலி எண்டு எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் சனிக்கிழமையிலை அருளப்பு அண்ணை குடுத்துவிடுற நண்டிலை கறி எங்கடை வீட்டிலைதான்.