கூடத்துச் சுவரில் ஒரு செல் படம்

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பழைய மாணவன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சார் அறிஞ்ஞில்லே? நம்முடெ சண்முகம் சார் மரிச்சு போயி" என்றான். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். எனக்கு முதலில் வந்தது கோபம். முந்தின வாரம்தான் என்னோடு காபி குடித்துவிட்டு, "செடி பாடம் நடத்துற ஆளுக்குச் சீனி எதுக்கு வே? வெயில்ல போய் நின்னாப் போதாதா?" என்று கேலி செய்த மனிதர். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா கிளம்புவது?

அவர் விலங்கியல், நான் தாவரவியல். ஒரே கல்லூரியில், ஒரே ஸ்டாஃப் ரூமில், எதிரெதிர் நாற்காலிகளில் எங்கள் காலம் கழிந்தது. செல் பாடம் வரும் மாதங்களில் எங்களுக்குள் சண்டை நிச்சயம். தாவர செல்லுக்குச் சுவர் இருக்கிறது, சூரிய ஒளியில் சமைக்கிற பச்சையம் இருக்கிறது, உங்கள் மிருகத்துக்கு என்ன இருக்கிறது என்று நான் சீண்டுவேன். "உம்ம செடி குப்பையை எல்லாம் வாக்குவோல்ங்கிற பையில அடைச்சு வச்சுக்கிட்டு நூறு வருஷம் அசையாம நிக்கும். என் மிருகத்துக்கு அது நடக்குமா? அன்னன்னைக்குக் கூட்டிப் பெருக்கணும் வே" என்பார்.

அந்தக் கூட்டிப் பெருக்கும் வேலையைச் செய்வது லைசோசோம். மெல்லிய சவ்வு போர்த்திய சின்னப் பை. உள்ளே நொதிகள். செல்லில் தேய்ந்து பழுதானவற்றையெல்லாம் அவை கரைத்துவிடும். பை உடைந்தால் செல்லே கரைந்துபோகும் என்பதால் கைடுகளில் அதற்குத் தற்கொலைப் பை என்று பெயர் போட்டிருப்பார்கள். அந்த வார்த்தையை எழுதியவர்களுக்குச் சண்முகம் சார் மார்க்கைக் குறைப்பார். அவரிடம் படித்து, இன்று இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் நீங்கள் அதற்காக அவரைத் திட்டியது எனக்குத் தெரியும். காரணம் உங்களில் பலருக்குத் தெரியாது.

அவருக்கு வள்ளி என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. பிறந்து சில மாதங்கள் எல்லாக் குழந்தைகளையும் போலச் சிரித்தாள், கவிழ்ந்து படுத்தாள். பிறகு நின்ற கழுத்து மறுபடி தொங்க ஆரம்பித்தது. கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. பார்வை போனது. மெட்ராஸில் காட்டினார்கள். லைசோசோமில் ஒரு நொதி இல்லை, கரைய வேண்டிய கொழுப்பு மூளை செல்களிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது, மருந்து கிடையாது என்றார் டாக்டர். கல்யாணம் உறவிலா என்று கேட்டாராம். ஆமாம், பகவதி அவருக்குச் சொந்த மாமா மகள்.

ஊர் திரும்பிய அன்று ஸ்டாஃப் ரூமில் தலையைத் தூக்காமல் சொன்னார்: "எத்தனை வருஷமா இந்தப் பாடம் எடுக்கேன். புஸ்தகத்துல ஒரு பத்திதான் அது. அந்த ஒரு பத்தி என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டு வே."

வீட்டில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து பழவங்காடிப் பக்கம் பாத்திரக்கடை வைத்த குடும்பம். கர்ப்பமாக இருந்தபோது பகவதி கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால்தான் பிள்ளை இப்படி என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அவளைத் தகப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு, வேறு பெண் பார்க்கிறோம் என்றார்கள். பேச்சுக்கு முன்னால் நின்றது சண்முகத்தின் அம்மா. பகவதி சமையற்கட்டை விட்டு வெளியே வருவதே நின்றுபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியிலிருந்த விலங்கு செல் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கூட வாரும்" என்றார். போனேன். கூடத்தில் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் படத்தை மாட்டினார். அம்மா, அத்தை, இரண்டு சித்தப்பாக்கள் எல்லாரையும் உட்கார வைத்தார். வகுப்பில் இங்கிலீஷ் பொழிகிற மனிதர், அன்று பேசியது கடைத் தமிழ்.

"இது நம்ம உடம்புல ஒரு துளி. இந்த நீளமா இருக்குல்லா, இது அடுப்பு. சக்தி இங்க இருந்துதான் வரும். இது பொட்டலம் கட்டுற இடம். இந்தச் சின்ன வட்டம் குப்பையைக் கரைக்கிற இடம். பிள்ளைக்கு இங்கதான் கோளாறு." பிறகு விரலை நடுவிலிருந்த உட்கருவுக்குக் கொண்டுபோனார். "என்னென்ன எப்படிச் செய்யணும்னு எழுதி வச்சிருக்கது இங்க. எல்லாம் ரெண்டு ரெண்டு. அப்பன் குடுத்தது ஒண்ணு, அம்மை குடுத்தது ஒண்ணு. ஒண்ணு கெட்டிருந்தா மத்தது வேலையைப் பாத்துக்கிடும். என்கிட்ட ஒண்ணு கெட்டது. பகவதிகிட்டயும் ஒண்ணு கெட்டது. ரெண்டும் பிள்ளைகிட்ட வந்து சேந்துட்டு. கிரகணமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவளை அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்புங்க."

சித்தப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பகவதிக்கு எங்க இருந்து வந்துச்சு?"

"அவ அப்பாகிட்ட இருந்து வந்திருக்கலாம்."

"அவன் எனக்கு அண்ணன்லா." அம்மா மகன் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அப்போ உனக்கு?"

பதில் சண்முகத்துக்குத் தெரியும். அந்த இடத்தில் நானாக இருந்தால், அத்தனை மாதமும் என் பெண்டாட்டி அழுத அழுகைக்கெல்லாம் சேர்த்து உடைத்துச் சொல்லியிருப்பேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தைக் கழற்றி மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தார். அம்மா எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது வள்ளி அவள் தோளில் இருந்தாள்.

அதற்குப் பிறகு பகவதியை அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேறு பிள்ளை வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்துக்கொண்டார்கள். வள்ளியின் கையும் காலும் விறைத்துக்கொண்டே வந்தன. விழுங்குவதும் சிரமமாகி, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டாள். எங்களுக்காகவாவது அந்தப் பாடத்தை அந்த வருஷம் வேறு யாராவது எடுக்கட்டும் என்று கெஞ்சினோம். அவர் கேட்கவில்லை. போர்டில் வட்டம் போட்டு, ஒரு குழந்தைக்கு இது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிட்டு இறங்கினாராம். யாருடைய குழந்தை என்று மட்டும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து பகவதி அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எழுதுங்கோ சாரே. ஒண்ணு விடாம எழுதணும், கேட்டோ" என்றார். பிறகு எனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். வள்ளியை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன அன்று, துக்கத்துக்கு வந்த பெண்ணொருத்தி வாசலிலேயே கிரகணக் கதையை மறுபடி ஆரம்பித்தாளாம். மாமியார் எழுந்து நின்று, அத்தனை பேர் கேட்கச் சொன்னாராம்: "என் மருமகளை ஒண்ணும் சொல்லாதீங்க. இது என் வழியா வந்தது. என் மகனுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை ஒரு சொல் சொல்லல."

சண்முகம் சாரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது, அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லைத்தான்.